குழாயடிச் சந்து

நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். நம்பாவிட்டால் போங்கள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் முதலில் சிரிக்கிறவன் நான்தான். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பட்டப்பகலில் நடந்ததை யாருக்காகவும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மந்தைவெளியில் ஒரு நிறைமாதப் பெண்ணையும் அவள் அம்மாவையும் ஏற்றினேன். அடையாறில் ஆஸ்பத்திரி. மெயின் ரோட்டில் தண்ணி லாரி ஒன்று குறுக்கே நின்றுபோக, வண்டிகள் அசையவில்லை.

"பனிக்கொடம் ஒடஞ்சிட்ச்சி, எப்டியாவது போ நைனா" என்று அம்மா அழுதாள்.

என் கை தானாக இடது பக்கம் ஒடித்தது. குழாயடிச் சந்து, நான் பிறந்து வளர்ந்த இடம், இரண்டே நிமிஷத்தில் அடுத்த ரோட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது, அந்தச் சந்தே இப்போது கிடையாது. இரண்டு வருஷம் முன்பு எங்களையெல்லாம் வேளச்சேரியையும் தாண்டி இறக்கிவிட்டு, அதன்மேல் நாலு மாடி ஃபிளாட் எழுப்பிவிட்டார்கள்.

ஆனால் சந்து இருந்தது. இரண்டு பக்கமும் குடிசைகள், குழாயடியில் குடங்களோடு பெண்கள். ஆரன் அடித்தேன். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில்தான் எனக்கு மூச்சே வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலையிலேயே அங்கே போனேன். காம்பவுண்டுச் சுவர், கேட், வாட்ச்மேன்.

"நேத்து இப்டிக்காதான் ஆட்டோ ஓட்டிக்கினு போனேன்" என்றேன்.

"இன்னா மாமா, காலையிலயே ஊத்திக்கினியா? செவுத்துக்குள்ளயா பூந்த?"

"இது எங்க தெரு, நான் போவேன். உங்க செவுரு இன்னாத்துக்கு குறுக்க நிக்குதுன்னு அத்தக் கேளு!"

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாள் வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நேத்து மத்தியானம், ஒரு மணி இருக்குமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"எங்காத்து ஹால்ல சாப்பிட்டுண்டிருந்தேன். காதுகிட்டக்க ஆரன் சத்தம். பக்கத்துல யாரோ ஒரு பொம்மனாட்டி, 'ஒத்திக்கோம்மா, புள்ளத்தாச்சி போவுது'ன்னா." அவர் குரல் இறங்கியது. "நான் ஒதுங்கிண்டேன்."

நான் பார்த்ததைப் பிரமை என்று யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் அந்த அம்மாள், சொந்த வீட்டில், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார்.