பெயரைச் சொல்லிவிட்டுத் தொடுங்கள்

செய்தி வந்தபோது என் கைகளில் கையுறை இருந்தது. பிரசவ அறையில் டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நான் உதவிக்கு நின்றிருந்தேன். வெளியே மேசைமேல் என் போன் அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. ஆயாம்மா எடுத்துப் பேசினாள். பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "கோமதிம்மா, நம்ம லூர்து சிஸ்டரு பூட்டாங்களாம். டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருந்தாங்களாம், அப்டியே சாஞ்சிட்டாங்களாம்" என்றாள். டாக்டர் ஒரு நொடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பிடித்திருந்ததை விடவில்லை. தையல் முடிந்ததும், "கோமதி, கையை எடுக்கிறேன்" என்று வழக்கம்போலச் சொன்னேன். அதன் பிறகுதான் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் லூர்துமேரியோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் இந்த வழக்கம் யாருடையது என்று தெரியும். அவள் எங்கள் நர்சிங் சூப்பரிண்டெண்ட். என்னைவிட வயதில் சின்னவள். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் அவளோடு நான் போட்ட சண்டைகளை 'அவர்' என்று வைத்து எழுத எனக்கு வரவில்லை. உங்களில் யாருக்காவது உறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சண்டை நேர்காணல் அன்றே நடந்தது. நான் மேற்குத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள். நர்சிங் படிக்க இடம் கிடைத்தது மைசூரில். அங்கேயே படித்து, அங்கேயே பதிவு செய்து, பிரசவ வார்டிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். கணவருக்கு வண்டலூர் பக்கம் வேலை கிடைத்து, ஊரப்பாக்கத்தில் ஒரு வீடும் வாங்கியதால் திரும்பி வந்தோம். என் சான்றிதழ்களையெல்லாம் லூர்து பொறுமையாகப் பார்த்தாள்.

"எக்ஸ்பீரியன்ஸ் ரொம்ப நல்லா இருக்கு சிஸ்டர். ஆனா இது கர்நாடகா நம்பர். நம்ம ஸ்டேட் நம்பர் வர்ற வரைக்கும் நீங்க பேஷண்ட் மேல கை வைக்கக் கூடாது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "நான் பொறந்ததே ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம்தான் சிஸ்டர்."

"நீங்க பொறந்தது இங்க. உங்க நம்பர் பொறந்தது அங்க" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

வெளியாட்களுக்கு இது விளங்காது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த நர்ஸ் இன்னொரு மாநிலத்தில் வேலை பார்க்க வேண்டுமென்றால், அங்கிருந்து ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி. சான்று வர வேண்டும், அதைப் பார்த்து இங்கே மறுபடி பதிவு செய்து புது நம்பர் தர வேண்டும். அது வரும்வரை, நேற்றுவரை ஒரு வார்டையே நடத்தியவள் இங்கே ஒரு ஊசி போட முடியாது. இதைக் கண்டுகொள்ளாத இடங்களும் உண்டு. லூர்து கண்டுகொள்கிறவள். நம்பர் வந்ததும் பிரசவ அறையில் வேலை நிச்சயம், அதுவரை உதவியாளர் என்று சொல்லி எனக்கு நீலச் சட்டை கொடுத்தார்கள். விரிப்பு மாற்றுவேன், தட்டு எடுத்து வைப்பேன். நேற்றுப் படித்து முடித்து வந்த பெண்கள் நரம்பு தேடித் தடுமாறுவதை வேடிக்கை பார்ப்பேன். ஒருநாள் தாங்காமல் என் கை தானாக நீண்டுவிட்டது. லூர்து பார்த்துவிட்டாள்.

"கையைப் பின்னால கட்டிக்கோங்க சிஸ்டர். பழகின கை, தானா போயிடும்."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அத்தனை பேர் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அன்று வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்தபோது அவளைத் திட்டாத திட்டில்லை. என் கணவர், "மாவு என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார்.

பெயர் சொல்கிற வழக்கத்தை முதலில் பார்த்தபோதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. பிரசவ அறையில் யார் என்ன செய்தாலும் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். "லூர்து, கையை வைக்கிறேன்" என்பாள். "லூர்து, கையை எடுக்கிறேன்" என்பாள். டாக்டர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. எதற்கு இந்த நாடகம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவங்க மல்லாந்து படுத்துக்கிட்டு சீலிங்கதான் பாக்கறாங்க. யாரு தொடறாங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றாள். அது சரிதான். ஆனால் அந்த அறையில் எல்லார் பெயரும் ஒலித்தது, என் பெயர் மட்டும் ஒலிக்கவில்லை. தொடாதவளுக்குப் பெயர் சொல்ல என்ன இருக்கிறது? மைசூருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். "ஆகிக்கொண்டிருக்கிறது" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

செல்வி வந்தது அந்த நாட்களில்தான். முடிச்சூர் பக்கத்துப் பெண், முதல் பிரசவம். மத்தியானம் தொடங்கிய மழை ஜி.எஸ்.டி. ரோட்டை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மகப்பேறு டாக்டரம்மா பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டார். டூட்டி டாக்டர் கீழே, விபத்தில் அடிபட்டு வந்த ஒருவரோடு போராடிக்கொண்டிருந்தார். குழந்தையை லூர்து நல்லபடியாக எடுத்துவிட்டாள். அழுகையும் வந்தது. அதன்பின் ரத்தம் நிற்கவில்லை.

மருந்துகள் ஏற்றியாயிற்று. ரத்தம் வாங்க ஆள் போனது. டாக்டரம்மா போனில், "கருப்பையை அழுத்திப் பிடிச்சுக்கோ லூர்து, வந்துடறேன்" என்றார். அது எளிய வேலை இல்லை. ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின்மேல். இரண்டுக்கும் நடுவில் கருப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தளர்ந்தால் போயிற்று. லூர்து பிடித்தாள். நேரம் ஆக ஆக அவள் முழங்கை நடுங்குவது தெரிந்தது. யார் கையும் ஒரு கட்டத்தில் மரத்துத்தான் போகும், ஆள் மாற்ற வேண்டும். கூட இருந்த சின்ன நர்ஸ் அதைச் செய்ததே இல்லை, கண்ணில் நீர் முட்ட நின்றாள். செல்வியின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. நான் கதவோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

லூர்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சிஸ்டர், இது பண்ணியிருக்கீங்கல்ல?"

"நெறைய."

"கிளவுஸ் போடுங்க."

"நம்பர் வரல."

"தெரியும். போடுங்க. சொன்னது நான்."

போட்டுக்கொண்டு போனேன். அவள் தளர்த்தும் நொடியில் நான் இறுக்க வேண்டும். என் கை நெருங்கியதும் தடுத்தாள். "பேரைச் சொல்லுங்க."

நான் தயங்கினேன். மெல்லிய கதவு. வெளியே செல்வியின் குடும்பமே நிற்கிறது. வெளிமாநில நம்பரோடு இங்கே நோயாளியைத் தொட்டேன் என்று ஒரு புகார் போனால், காத்திருந்த நம்பர் வராமலே போகலாம்.

"சிஸ்டர், பேரு!"

"கோமதி! கையை வைக்கிறேன்!" மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றாள்.

எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. தோள் எரிந்தது, பிறகு தோளே இல்லாத மாதிரி ஆனது. லூர்து என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுச் செல்வியின் நாடியைப் பிடித்தாள். செல்வி மயக்கத்தில் ஒரு தடவை வாயைத் திறந்தாள். "கோமதிக்கா... வுட்ராதக்கா." அந்த அறையில் என் பெயரை இன்னொருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா முட்டளவு நனைந்த சேலையோடு ஓடி வந்து, கை கழுவி, பார்த்து, தலையசைத்த பிறகுதான் லூர்து, "இப்ப எடுங்க" என்றாள். செல்வி பிழைத்தாள்.

மறுநாள் செல்வியின் அண்ணன் மேனேஜர் அறை வாசலில் நின்றான். கதவுக்கு வெளியே என் பெயரைக் கேட்டிருக்கிறான். நன்றி சொல்லலாம் என்று கோமதி யார் என்று விசாரிக்கப் போய், வேறு கதை தெரிந்துகொண்டு வந்திருக்கிறான்.

"இன்னா மேனேஜரு, லைசென்ஸ் இல்லாத ஆள வெச்சிக்கினு என் தங்கச்சிக்கு வைத்தியம் பாத்துக்கினு கீறீங்களா? சும்மா வுட்ருவேன்னு நெனச்சியா?"

மேனேஜர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது. "லூர்து, கடைசி வரைக்கும் நீங்களே பிடிச்சிருந்தீங்கன்னு சொல்லிடுங்க. அவங்க சும்மா கூட நின்னாங்க. விஷயம் முடிஞ்சுது."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆமா லூர்து, அப்படியே சொல்லிடு. என் நம்பர் போயிடும்டி." அதுவரை அவளை நான் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

அவளும் அன்றுதான் என்னை முதலில் 'அக்கா' என்றாள். "நான் பண்ணலையேக்கா. நீங்க பண்ணீங்க. ஒளிச்சாதான் அது திருட்டு. சொல்லிட்டா அது வேலை."

"உனக்கென்ன, நம்பர் இருக்கு. பேசுவே!" என்று வெடித்தேன். கோபமும் பயமும் சேர்ந்து அழுகை வந்தது. எல்லாச் சட்டத்தையும் என்மேல் காட்டியவள், சட்டத்தை மீறச் சொல்லிவிட்டு இப்போது என்னைக் காட்டியும் கொடுக்கிறாள் என்று தோன்றியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகச் செல்வியின் அறைக்குப் போனாள். அண்ணன் பின்னாலேயே வந்தான்.

"லூர்துமேரி. இங்க இன்சார்ஜ் நான்" என்று ஆரம்பித்தாள். "இவங்க கோமதி. மைசூர்ல படிச்சு, அங்க ரெஜிஸ்டர் பண்ண நர்ஸ். நம்ம ஊர் நம்பர் இன்னும் வரல. அதனால தொடக் கூடாதுன்னு நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன். நேத்து என் கை மரத்துப்போச்சு. இவங்கள நான்தான் தொடச் சொன்னேன். கம்ப்ளைண்ட் குடுக்கணும்னா என் பேர்ல குடுங்க. எழுதிக்கோங்க, லூர்துமேரி."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் செல்வியின் அம்மா எழுந்தாள். "கம்முனு கெடடா. கதவாண்ட நின்னுக்கினு நான்தான் கேட்டுக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு கைய எட்த்திருந்தா, நீ இன்னிக்கு ஆபீஸ் ரூமாண்ட நின்னுக்கினு சவுண்டு வுட மாட்ட. சுடுகாட்டாண்ட நின்னுக்கினு இருப்ப."

அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே போய்விட்டான்.

புகார் கொடுப்பானா மாட்டானா என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை. வாசலில் யார் பையோடு வந்து நின்றாலும் விசாரணைக்கு வந்தவரோ என்று எட்டிப் பார்ப்பேன். அவன் கொடுக்கவில்லை. ஆனால் நிர்வாகம் பயந்துகொண்டு லூர்துவைப் பொறுப்பிலிருந்து இறக்கிப் பொது வார்டுக்கு அனுப்பியது. அவள் யாரிடமும் முறையிடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து கத்திரிக்காயை மட்டும் பொறுக்கித் தின்பாள். "என்னாலதானே உனக்கு" என்று நான் ஆரம்பித்தால், "உங்களாலயா? பெருங்களத்தூர் டிராபிக்காலக்கா" என்பாள்.

என் நம்பர் வந்த அன்று, பிரசவ அறையில் முதல் நோயாளியிடம் போனேன். கதவோரம் ஏதோ அசைந்தது. பொது வார்டிலிருந்து லூர்து ஏறி வந்திருந்தாள். அந்த அறையில் அவளுக்கு அப்போது பொறுப்பு எதுவும் இல்லை. நான் நின்ற அதே இடத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பேரைச் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

சொன்னேன். அவள் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். பின்னால் மேனேஜரே அவளைத் தேடிப் போய்ப் பழைய பொறுப்பைக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும்.

குன்றத்தூருக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்குப் போனபோது பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். வெளிமாநிலங்களிலிருந்து வந்து எங்களிடம் நம்பருக்குக் காத்திருக்கிற இரண்டு பெண்களும் என்னோடு வந்திருந்தார்கள். அவர்களைக் கையைப் பின்னால் கட்டச் சொல்வது இப்போது நான்தான். என்னை மனதுக்குள் திட்டுவார்கள், திட்டட்டும். தொட்டால் பெயரைச் சொல்வது, செய்ததை ஒளிக்காமல் இருப்பது, சொன்னது நான் என்று முன்னால் வந்து நிற்பது. அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இவைதான். கடைசியானது எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

ஜெபமாலை சுற்றியிருந்த அவள் கைகள்மேல் என் கையை வைத்தேன். "கோமதி, கையை வைக்கிறேன்" என்றேன். பெட்டியை மூட வந்தவர்கள் காத்து நின்றார்கள். எடுக்கச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. கடைசியில் அவள் தம்பிதான், "எடுங்கக்கா, நேரமாச்சு" என்றான்.

எடுத்தேன். எடுக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.