ராபர்ட்டுக்குத் தூக்கம் வந்தது

சாந்தோம் குப்பத்தில் ராபர்ட் யார் என்று கேட்டால், 2023 டிசம்பர் வெள்ளத்தைத்தான் முதலில் சொல்வார்கள். தன் ஃபைபர் படகை லாரியில் ஏற்றி வேளச்சேரிக்குக் கொண்டுபோய், இரண்டு நாளில் அறுபத்து மூன்று பேரைக் கரை சேர்த்தவர். சால்வை போர்த்தினார்கள். பேப்பரில் படம் வந்தது. என் தம்பி சித்தார்த்தன் அந்த அறுபத்து மூன்று பேரில் இல்லை.

"கை எட்டுற தூரத்துலதாம்மா இருந்தாரு. தண்ணி இஸ்துக்கினு பூட்ச்சி" என்று ராயப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதார் ராபர்ட். யாரும் அழைக்காமலே காரியத்துக்கும் வந்தார்.

பதினான்கு வயதிலிருந்து கடலுக்குப் போனவர், அந்த வெள்ளத்துக்குப் பிறகு போகவில்லை. கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டைத் தூக்கி நிறுத்த அவர் மனைவி தேசம்மா மீன் கூடையோடு எங்கள் தெரு வரைக்கும் வர ஆரம்பித்தாள்.

"நடுராத்திரில என் கைய புட்ச்சி முறுக்கறான்க்கா. பேய் புட்ச்சிகீதுன்றா என் மாமியா. அந்தப் பேயோட நான் இருவது வருசமா குடும்பம் நடத்திக்கினு கீறேன், எனுக்குத் தெரியாதான்னேன்."

சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராபர்ட்டை அடையாற்றில் இருக்கும் மனநல ஆலோசகர் விசாலாக்ஷியிடம் அழைத்துப்போனது நான்தான். என் தம்பியைக் கடைசியாகப் பார்த்தவர் ராபர்ட். அவராவது தேற வேண்டும் என்று ஒரு பிடிவாதம் எனக்கு. விசாலாக்ஷி எளிமையாக விளக்கினார். மனதில் உறைந்துபோன அந்தக் கணத்தை நினைத்துக்கொண்டே, இடமும் வலமும் அசையும் அவர் விரல்களைக் கண்ணால் பின்தொடர வேண்டும். நினைவு போகாது, அதன் சூடு ஆறும். ஏழெட்டு வாரம் ஆகலாம்.

முதல் நாளே கெட்டது. விசாலாக்ஷி இரண்டு விரல்களை உயர்த்தியதும் ராபர்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"வெரலு வோணாம்மா. வேற இன்னா வேண்ணாலும் காட்டச் சொல்லு."

அடுத்த வாரம் விசாலாக்ஷி மேசைமேல் ஒரு நீளப் பட்டையை வைத்து, என்னையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அதில் ஒரு பச்சை விளக்கு இங்கும் அங்கும் ஓடும்.

"சிக்னல் மாரி கீது மேடம். பச்ச மட்டும் எரியுது, எந்தப் பக்கம் போறதுன்னுதான் தெரில" என்றார் ராபர்ட். அன்று நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒவ்வொரு முறையும் விசாலாக்ஷி சொல்லி அனுப்புவார்: "இங்க சொன்னது இங்கயே இருக்கட்டும். அடுத்த வாரம் வரைக்கும் யார்ட்டயும் எதுவும் பேசித் தீர்க்கப் போக வேண்டாம்." ராபர்ட் தலையாட்டுவார். ஆனால், ஓர் அறைக்குள் தனியாக ஒருவரிடம் மனதைத் திறப்பது என்றால் அவருக்குத் தெரிந்தது மாதா கோயிலில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் ஒன்றுதான். உள்ளே சொல்வது அதில் பாதி. யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடம் போய் மன்னிப்புக் கேட்பது மறுபாதி.

நான்காம் வாரம், பஸ் நிறுத்தத்தில் என் முன்னால் வந்து நின்றார்.

"ஒன் தம்பி சார தண்ணி இஸ்துக்கினு போவலம்மா. படகு வெளிம்ப ரெண்டு கையாலயும் புட்ச்சிக்கினு இருந்தாரு. உள்ள பத்து பேரு, அதுல ரெண்டு கொயந்த. படகு சாயுது. துடுப்பால வெரலு மேல அட்ச்சேன்."

எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "எத்தனை தடவை?"

"மூணு. மொத ரெண்டுக்கு வுடல."

பஸ் வந்தது. அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

சொன்னேன். பஸ்ஸில் ஏற வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.

அன்றிரவே தூங்கினாராம். மாதம் முடிவதற்குள் படகு கடலில் இறங்கியது. தேசம்மா நல்ல வஞ்சிரமாகப் பொறுக்கிக் கொண்டுவந்து, வேண்டாம் என்றாலும் கேட்காமல் சமையலறை வரை வந்து வைத்தாள்.

"கொறட்ட வுடறான்க்கா! குப்பமே எய்ந்துக்குது. நீதான் எங்க வூட்டுக்கு மாதா."

பத்து உயிரையும் ஓர் உயிரையும் எதிரெதிரே வைத்தால் நானும் ராபர்ட் செய்ததையே சரி என்பேன். அவரை வெறுக்கக்கூட எனக்கு வழி இல்லை. அவள் போனபிறகு அந்த மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

கடைசி வாரம், இனி ராபர்ட் வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, விசாலாக்ஷி என்னைப் பார்த்தார். "நீங்க தூங்கறேளா?"

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க வாங்கோ. கொஞ்சம் கொஞ்சமா மங்கிடும்."

ராபர்ட்டுக்கு மங்கிவிட்டது. இரண்டு அடி வாங்கியும் சித்தார்த்தன் விடவில்லை என்பது இனி உறுத்துவது என்னை மட்டும்தான். அதை மங்கவைக்க எட்டு வாரம் போய் உட்கார வேண்டுமாம்.

வேண்டாம் மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.