பாஞ்சாலியின் புதன்கிழமை

திண்டிவனத்து மல்லாட்டை மில்லில் பாஞ்சாலிக்கு ஜன்னலோர இடம். உடைத்துக் கொட்டிய வேர்க்கடலைப் பருப்பில் கல்லும் சொத்தையும் பொறுக்கும் பெண்களின் வரிசையில் அந்த ஒரு இடத்தில்தான் காற்று வரும். மற்றவர்கள் தூசியில் இருமிக்கொண்டே பொறுக்குவார்கள்.

அந்த இடம் தனக்கு வந்த விதத்தை அவள் யாரிடமும் பேசியதில்லை. கெடாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் வேலை கேட்டு மில் வாசலில் நின்றிருந்தாள். அன்று ஜன்னலோரத்தில் பொறுக்கும் லட்சுமியம்மாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். "அந்த எடத்துல நீ உக்காரு" என்றார் மேஸ்திரி விருத்தாசலம். காய்ச்சல் விட்டு லட்சுமியம்மாள் திரும்பி வந்தபோது, "உன் எடத்துல ஆளு உக்காந்துக்கினு இருக்குதேம்மா" என்று அவளை வாசலோடு அனுப்பிவிட்டார். பாஞ்சாலிக்கு அது காதில் விழுந்தது. முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அன்று பிடித்த பயம். அதன்பின் ஒரு நாளும் அவள் மில்லுக்கு வராமல் இருந்ததில்லை. மாமியார் செத்த அன்றுகூட, பிணத்தை எடுத்ததும் மில்லுக்கு ஓடி ஊர் வாயில் விழுந்தாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஒருவர் மில்லுக்கு வந்துபோனார். மறுநாளே மேஸ்திரி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் வாரத்தில் ஆறு நாள்தான் வேலை. மெஷின் நிற்காது, ஆளுக்கு ஒரு கிழமை லீவு. அன்றைக்கு லீவில் இருப்பவள் இடத்தில் பதில் ஆள் உட்காருவாள்.

பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பாஞ்சாலி மேஸ்திரியிடம் போனாள்.

"என் எடத்துல யாருங்க?"

"வடிவுன்னு ஒரு பொண்ணு, கோலியனூருக்காரி. கை நல்லா ஓடுது. உனக்குப் புதன்கெழமை."

வீட்டில் சொன்னதும் புருஷன் மண்ணாங்கட்டி விழுந்து விழுந்து சிரித்தான். ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டுகிறவன் அவன்.

"என் குதிரையே வாரத்துல ஒரு நாளு படுத்துக்குது. ஊரே லீவுக்கு அழுவுது, நீ லீவு கெடைச்சி அழுவுறியே! பெரிய பேஜாருடி உன்னோட."

"உன் குதிரை எடத்துல வேற குதிரை வந்து நின்னா தெரியும்."

அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலை மில் சங்கு ஊதியதும் அவள் கால்கள் தாமாக வாசலுக்குப் போயின. திரும்பி வந்து சோறு வடித்தவள், கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டாள். மனசு கேட்காமல் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மில்லின் பின்பக்கமாகப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வடிவின் விரல்கள் கோழி கொத்துவதுபோல் ஓடிக்கொண்டிருந்தன. முறத்தின் மேல் பாஞ்சாலியின் நிழல் விழுந்தது. அது தெரிந்தும் வடிவு தலையைத் தூக்கவில்லை.

தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பதன் அர்த்தம் பாஞ்சாலியைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாள் சங்குக்கு முன்னமே புறப்பட்டாள். "எனக்கு லீவே வேணாங்க, ஏழு நாளும் வர்றேன்" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மில் வாசலில் வடிவு ஏற்கெனவே நின்றிருந்தாள்.

மேஸ்திரி கதவைத் திறந்தார். "வடிவு, இன்னிக்கு காந்திமதிக்கு லீவு, நீ அவ எடத்துக்குப் போ. இன்னா பாஞ்சாலி, நின்னுக்கினு இருக்குற? உன் எடம் காலியாத்தான் கெடக்குது. ஜல்தியா போ."

இன்றைக்குத் தப்பித்தாள். ஆனாலும் அடுத்த புதன் இருக்கிறதே. சொல்லிவிட வாயைத் திறந்தாள். யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். வடிவு.

"அக்கா, நேத்து ஜன்னலாண்ட நின்னது நீதான? எனக்கு நிமுந்து பாக்கவே பயமா இருந்துச்சி. லீவு வேணான்னு மட்டும் சொல்லிடாதக்கா. நீ ஒருத்தி சொன்னா, பயந்துக்கினு எல்லாரும் சொல்லுவாங்க. அப்பறம் எனக்கு இங்க வேலையே கெடையாது."

"எதுனா சொல்லணுமா?" என்றார் மேஸ்திரி.

அதே வாசலில், அதே இடத்தில்தான் அன்று லட்சுமியம்மாளும் நின்றாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் பாஞ்சாலி.

அடுத்த புதன்கிழமையும் சங்கு ஊதியது. பாஞ்சாலி எழுந்தாள். வாசல்வரை போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதில் முதுகை அழுத்திக்கொண்டு, சங்கு ஓயும்வரை அப்படியே நின்றாள்.