ஜானு டீச்சர் போட்ட சமையல் அட்டவணை

மந்தைவெளியில் ஜானு டீச்சரிடம் கணக்குப் படித்துத் தலையில் குட்டு வாங்காத பெண்கள் குறைவு. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றாள். அந்த முப்பது வருஷத்தில் பத்தொன்பது பள்ளிச் சுற்றுலாக்களைத் திட்டம் போட்டு நடத்தியவள் அவள்தான். ஒரு குழந்தை தொலைந்ததில்லை, ஒரு தண்ணீர் பாட்டில்கூடத் தொலைந்ததில்லை. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, யாருக்கு ஜன்னலோரம், யாருக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்பதுவரை எழுதிவிடுவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. தகுதி இருக்கிறவள் கர்வப்பட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஏற்காட்டுக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டவள் சயின்ஸ் டீச்சர் ஸ்ரீரஞ்சனி. காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு மரக் கேபின். இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, வாசலில் விறகு மூட்டிக் குளிர்காய ஓர் இடம். சமையலுக்கு ஆள் கிடையாது, நாமே பொங்கிச் சாப்பிட வேண்டியதுதான். போகிறவர்கள் நாலு பேர், நாலு பேருமே ஒரே பள்ளியில் ஓய்வு பெற்ற டீச்சர்கள்: ஜானு, ஸ்ரீரஞ்சனி, தமிழ் எடுத்த அபயாம்பாள், சரித்திரம் எடுத்த கைசர் ஜஹான்.

கைசரும் ஜானுவும் ஆசிரியர் அறையில் இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கைசர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஜானு பக்கம் நகர்த்தினாள். எலுமிச்சை சாதம்தான். "இன்னிக்கு எனக்கு விரதம்" என்றாள் ஜானு. மறுநாளும் நகர்த்தினாள், விரதம். மூன்றாம் நாளும் விரதம். ஒரே வாரத்தில் மூன்று விரதம். அப்படி ஒரு வாரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. நாலாம் நாள் கைசர் ஒரு முழு கொய்யாப்பழத்தை, நறுக்காமல், கத்தி படாமல், ஜானுவின் மேஜையில் வைத்தாள். ஜானு அதைக் கழுவித் தின்றாள். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷமும் பழம்தான். கைசரோ ஜானுவின் தயிர்சாதத்தில் பாதியைத் தினமும் சாப்பிட்டாள். இதைத்தான் ஜானு, "எங்களுக்குள்ள அப்படி ஒரு புரிதல்" என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். மூன்று நாள், ஏழு வேளை. ஜானு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டாள். முதல் நாள் ராத்திரி ஸ்ரீரஞ்சனி, ரவா உப்புமா. மறுநாள் காலை அபயாம்பாள், பொங்கல். மத்தியானம் ஜானு, சாம்பார். இப்படி ஏழு வேளையும் மூன்று பெயருக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. கைசரின் பெயருக்கு நேராக, "பழம், பிஸ்கட், காய்கறி வாங்குதல்" என்று எழுதினாள். எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. அபயாம்பாள் குழாய்த் தண்ணீரையே சந்தேகமாகப் பார்க்கிறவள், அவளுக்குச் சங்கடம் வேண்டாமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படம் எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டாள். கைசரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. பார்த்தாயா, புரிதல் என்று ஜானுவுக்கு ஒரே திருப்தி.

மறுநாள் சாயங்காலம் மற்ற விஷயங்கள் பேச எல்லோரும் ஜானு வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. ஸ்ரீரஞ்சனிக்குப் பேத்தியின் பள்ளி விழா. கைசர், "முட்டி வலி, வரமுடியவில்லை" என்று செய்தி அனுப்பிவிட்டாள். அபயாம்பாள் மட்டும் வந்தாள். காப்பியைக்கூடத் தொடாமல் கேட்டாள்.

"இது என்னடீ அட்டவணை? கைசருக்கு ஏன் ஒரு வேளைகூட இல்லை?"

"உங்களுக்காகத்தான். நீங்க ஆசாரம் பாப்பேளேன்னு..."

"நான் கேட்டேனா?" அபயாம்பாளின் குரல் உயர்ந்துவிட்டது. "எங்காத்துக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ இருபது நாள் தினம் வந்து உக்காந்துண்டிருந்தது யாரு? நீயா, ஸ்ரீரஞ்சனியா? கைசர்தான். அடுத்த ரம்ஜானுக்கு அவாத்துக்குப் போனேன். சேமியா குடுத்தா, சாப்ட்டேன். அதுலேர்ந்து வருஷா வருஷம் போயிண்டிருக்கேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"எப்படிச் சொல்வேன்? நீ என்ன நெனைச்சுப்பியோன்னு பயந்துண்டுன்னா இருந்தேன்!"

ஜானுவுக்கு முகம் சுட்டது. இத்தனை நாளும் அபயாம்பாளைச் சாக்கு வைத்து அவள் ஒளிந்துகொண்டிருக்க, அபயாம்பாள் அவளுக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆசாரக்காரி யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்தாள். எங்கே என்று டிரைவர் கேட்டபோதுதான் விழித்தாள். மீர்சாகிப்பேட்டை என்று தெரியும், தெரு தெரியாது. கைசர் ஜானு வீட்டுக்கு நூறு தரம் வந்திருப்பாள், இவள் ஒரு தரம்கூடப் போனதில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அபயாம்பாளுக்குப் போன் செய்து தெருவின் பெயரை வாங்கினாள். மார்க்கெட் முனையில் இறங்கி ஒரு முட்டைக் கடையில் விசாரித்தாள்.

"டீச்சரம்மா வூடா? அதோ, பச்ச கேட்டு கீது பாரு, அதுல மாடி."

கதவைத் திறந்தவள் கைசரின் மருமகள் சிம்ரா. "ஜானு ஆன்ட்டிதானே? போட்டோல பாத்திருக்கேன். உள்ள வாங்க. அம்மி தொழுகைல இருக்காங்க, இப்ப வந்துருவாங்க." நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அட்டவணை விஷயம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே பேசினாள். "உங்க ட்ரிப்பால பத்து நாளா எங்க வீட்டுல கறியே இல்ல ஆன்ட்டி! அம்மி உங்களுக்காக வத்தக்குழம்பு செஞ்சு செஞ்சு பாத்துட்டிருந்தாங்க. எல்லாத்தையும் எங்க தலைலதான் கட்டினாங்க. புது குக்கர், புது கரண்டி, புது அடுக்கு. கறி பட்ட பாத்திரம் எதுவும் ஆகாதாம். 'ஜானுவுக்கு வெங்காயம் பரவாயில்ல, பூண்டு சேராது'ன்னு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. முந்தாநாள்லேர்ந்து என்னவோ நிறுத்திட்டாங்க. கேட்டா ஒண்ணும் சொல்லல."

முந்தாநாள்தான் ஜானு குரூப்பில் படம் போட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்களே, அப்படி இருந்தது. பூமி எங்கே பிளக்கிறது, அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கைசர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வந்தாள். "அடடே, ஜானு! எப்ப வந்தே? வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

"அந்தத் தாளைக் கிழிச்சுட்டேன் கைசர். முதல் நாள் ராத்திரி நீதான் சமைக்கறே. நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு."

"விடு, அது அப்படியே இருக்கட்டும்." கைசர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "நான் வரேன், பயப்படாதே. எனக்கு மலையைப் பாக்கணும். காய்கறி வாங்கற வேலைன்னா வாங்கிட்டுப் போறேன், அதுல என்ன?"

"இல்ல. எனக்கு இப்பவே இங்க சாதம் போடு. உன் கையால. நான் சாப்பிடறேன்." ஜானு அழுதேவிட்டாள். பரீட்சையில் காப்பி அடித்துப் பிடிபட்ட பெண்கள் அவள் முன்னால் நின்று அழுத அழுகை.

சிம்ரா ஒன்றும் புரியாமல் அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள். கைசர் அவளை வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஜானு, இருபத்தாறு வருஷம் நீ சாப்பிடலன்னு எனக்கு வருத்தம் உண்டு. இல்லன்னு சொன்னா பொய். ஆனா இப்படி வெக்கப்பட்டு, தண்டனை மாதிரி சாப்பிடறதுக்கு என் வீட்டுச் சோறு என்ன பாவம் பண்ணுச்சு? என்னிக்காவது நிஜமாப் பசிச்சா வா. போடறேன்."

ஜானு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிம்ரா கொடுத்த தண்ணீரைக் குடித்தாள், விடைபெற்றாள். கைசர் மாடிப்படிவரை வந்து, பார்த்து இறங்கு, மூணாவது படி உடைஞ்சிருக்கு என்றாள்.

கீழே வந்தபோது மணி ஒன்றேகால். முந்தின நாள் ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையில் வெறும் காப்பி. எதிர்வீட்டில் யாரோ கடுகு தாளித்தார்கள். ஜானுவுக்கு வயிறு சுருண்டு இழுத்தது. நடிப்பில்லாத, சத்தியமான பசி. திரும்பிப் படியேறி அதைச் சொன்னால் போதும், கைசர் இலை போட்டுவிடுவாள். ஆனால் இப்போது சொன்னால், அதுவும் அவள் சொல்கிற இன்னொரு சாக்காகத்தானே கைசர் காதில் விழும்? படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பசியோடேயே ஆட்டோ ஏறினாள்.