சூடம் ஏற்றாத பூசை

வெள்ளிக்கிழமை காலையில் குமரவேல் முதலில் தன் சட்டைப் பையைத்தான் வெளியே இழுத்துக் காட்டுகிறார். "பாத்துக்குங்க, என்கிட்டயும் ஒண்ணுமில்ல. தீப்பெட்டி, லைட்டர், கைப்பேசி எல்லாம் இந்தக் கூடையில போடுங்க லா." வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். இருந்தும் ஒருவரையும் சும்மா விடமாட்டார், அப்படியொரு கறார்.

செகிஞ்சானுக்கு வடக்கே, நண்டு வலை உலர்த்திய கரை அது. இப்போது எரிவாயுத் தொட்டிகள் மூன்று வானத்தை மறைக்கின்றன. கப்பலில் வந்து இறங்கும் கேஸ் இங்கிருந்துதான் குழாய் வழியே மின்நிலையங்களுக்குப் போகிறது. நாட்டுக்கே முக்கியமான இடமாம். கரையில் குடியிருந்த கம்பத்துச் சனங்களுக்கு வேறிடத்தில், சுங்கை ஆயர் தாவாரில், வீடு கொடுத்தார்கள். முனியாண்டி மட்டும் போகவில்லை. பூக்கட்டிப் பார்த்ததில் இரண்டு தடவையும் சிவப்பே வந்தது. சாமியே நகரமாட்டேன் என்றால் யார் என்ன செய்வது? கோயில் வேலிக்குள் நின்றுவிட்டது. வாரம் ஒருநாள் கும்பிடலாம், நெருப்பு மட்டும் கூடாது.

இருபது வருஷம் அங்கே பூசை செய்தவர் குமரவேல். இன்று அதே வாசலில் கம்பெனி ஜாகா, காவல்காரர். சாமிக்கு நெருப்பு இல்லையென்று சொல்லும் வேலை தன் தலையில் விழுந்ததே என்று அவருக்குத் தீராத வேதனை. "வேற ஆளு நின்னா மரியாத இல்லாம வெரட்டுவான். நானே நிக்கிறேன்" என்பதோடு சரி.

போன வாரம் அக்கா நல்லம்மாள் முந்தானையில் சூடமும் லைட்டரும் முடிந்து வந்தார். பிரசவத்தில் நினைவிழந்த மகள் விமலா கண் விழித்தால் முனியாண்டிக்குச் சூடம் காட்டுவதாக வேண்டுதல். அதற்கு இரண்டு நாள் முன்புதான் விழித்திருந்தாள். அப்போதும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள்.

"ஒரே ஒரு கட்டி, தம்பி. வாக்குத் தவறி, புள்ளைக்கு மறுபடி ஏதாச்சும் ஆனா நான் என்ன பண்ணுவேன்?"

"ஒரு பொறி போதுங்க்கா. உள்ள முந்நூறு பேரு வேல செய்யுறாங்க."

நல்லம்மாள் சத்தமில்லாமல் அழுதார். குமரவேல் லைட்டரை வாங்கிக் கூடையில் போட்டார். சூடத்தைத் திருப்பிக் கையில் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். தலைக்கவசத்தையும் பூட்சையும் கழற்றி வைத்தார். தட்டில் ஏற்றாத சூடத்தை வைத்து, முனியாண்டிக்கு மூன்று முறை சுற்றிக் காட்டிவிட்டு அக்காவிடம் திரும்பினார். கடற்காற்று பலமாக அடித்தது. இல்லாத சுடர் அணைந்துவிடாமல் இடக்கையைக் குவித்து மறைத்தபடி, தட்டை நீட்டினார்.