குழி மூடத் தெரிந்தவர்

கோல்ஃப் மைதானத்துக் கிரீனில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழி மூடிக்கொண்டிருக்கிறார். ஈரப் புல்லில் முழங்கால் படக் கூடாதென்று கால்சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டிருக்கிறார். நேற்று வானத்திலிருந்து வந்து விழுந்த பந்துகள், கொடி நட்ட குழியைச் சுற்றியுள்ள இந்த மெல்லிய புல்தரையில் போட்டுவிட்டுப் போன பள்ளங்கள்தான் அவருக்குக் காலை வேலை. இரண்டு பல் வைத்த சின்ன இரும்பு முள் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதனால் ஓரத்து மண்ணை நடுவுக்கு நெம்பி, ஷூவின் அடியால் தட்டி, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். திருப்தி வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கை செய்கிற வேலைக்கு வாய் தாளம் போடும்.

"குழி போடத் தெரியுதுல்ல, மூடத் தெரிய வேணாம்? என்ன ஆட்டக்காரனுங்களோ."

இந்த வேலைக்கென்று மைதானத்தில் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சற்றுத் தள்ளி நின்று, இவர் எழுந்து போனபின் அதே இடத்தை ஒழுங்காகச் செய்வதற்காகக் காத்திருப்பார்கள். மைதானத்தில் பதினெட்டுக் கிரீன்கள் இருந்தாலும் இவர் மூடுவதென்னவோ கடைசிக் கிரீனில் மட்டும்தான். விருந்தினர்கள் காபி குடிக்கும் மாடியிலிருந்து நன்றாகத் தெரிவது அது ஒன்றுதான்.

இவர்தான் வட்டார ஆண்கள் தொழில்முறை கோல்ஃப் சுற்றின் இயக்குநர். தொலைக்காட்சியில் பார்க்கிற கோல்ஃபை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே தனி விமானம். இங்கே பழைய கார், டிக்கியில் மட்டைப் பை, பின் சீட்டில் மடிப்புக் கலையாமல் தொங்கவிட்ட சட்டைகள். ஊர் ஊராக வாரம் ஒரு மைதானம். ஆட்டக்காரர்கள் கைக்காசைக் கட்டிப் பெயர் கொடுத்து, மலிவான அறையில் இரண்டு மூன்று பேராகப் படுத்து எழுந்து, வியாழனும் வெள்ளியும் ஆடுவார்கள். வெள்ளி மாலையில் பட்டியலை நடுவில் ஒரு கோடு போட்டு வெட்டுவார்கள். கோட்டுக்குக் கீழே போனவன் வெறுங்கையோடு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். மேலே இருப்பவன் சனிக்கிழமை ஆடிப் பரிசில் ஏதோ பார்ப்பான். பருவ முடிவில் மொத்தப் புள்ளியில் முதல் ஐந்து பேருக்குப் பெரிய சுற்றில் ஆட இடம். அதற்கு இங்கே 'மேலே போறது' என்று பெயர். மேலே போவதற்காகத்தான் இத்தனை பேர் கீழே கிடந்து உழல்கிறார்கள்.

இதையெல்லாம் தனியாளாய்த் தாங்குவதாக இயக்குநருக்கு நினைப்பு. "நான் ஒருநாள் லீவு போட்டா இந்த டூரே படுத்துரும்" என்பார். ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். அந்தப் போட்டிதான் நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிந்தது என்று ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவர்கள் இவருக்கு வைத்த பெயர் 'பலகையார்'. பந்து எங்கே விழுகிறது என்பதைவிட, போட்டிக்குப் பணம் தரும் கம்பெனியின் பலகை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் இவருக்குக் கவலை. புகைப்படக்காரர் எங்கே நின்றாலும் பலகை படத்தில் விழ வேண்டும். அதற்காக இவர் பலகையைத் தூக்கி வைப்பதும், பின்னால் நடந்து பார்ப்பதும், திரும்ப வந்து ஒரு விரல்கடை நகர்த்துவதும் நாள் முழுக்க நடக்கும். ஒருவன் வாழ்நாளின் அருமையான அடியை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, இவர் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பலகையின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

பணம் தருகிறவரிடம் இவர் குரலே வேறு. ஆட்டக்காரனிடம் "யோவ்" என்று தொடங்கும் வாய், அங்கே போனதும் நெய்யாய் உருகும். இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டிக்குப் பணம் கொடுத்தவர் ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி. மனிதர் பருமன், நடக்க மாட்டார். அவரை மின்வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மைதானம் முழுக்க இவரே ஓட்டினார். "நம்மகிட்ட தப்புன்னு ஒண்ணு நடக்காது சார், ரூல்னா ரூல்தான்" என்று மேட்டுக்கு ஒருமுறை, பள்ளத்துக்கு ஒருமுறை சொன்னார்.

இந்த இடத்தில் இவருடைய மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. நாற்பதை நெருங்குகிறவன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதே சுற்றில் ஆடுகிறான், வருஷா வருஷம் மேலே போவதற்கு ஒரு சாண் கீழே நின்றுவிடுவான். சொந்தக்காரன் என்று இவர் அவனுக்கு ஒரு துரும்பும் கிள்ளிப் போட்டதில்லை. கிள்ளிப் போடக் கூடாதுதான், அது நியாயம். ஆனால் அதையே ஒரு பெருமையாக்கி ஊர் முழுக்க விற்றதுதான் வயிற்றெரிச்சல். "கிரவுண்டுக்குள்ள என்னை அத்தான்னு கூப்பிடாத, சார்னு சொல்லு. என் ஆபீஸ் பக்கமும் வராத, நாலு பேர் நாலு விதமா பேசுவான்" என்று முதல் வருஷமே கட்டளை. அவனும் பாவம், அலுவலகம், அதை ஒட்டிய உடை மாற்றும் அறை, எதன் பக்கமும் போவதில்லை. காரை மரத்தடியில் நிறுத்தி, டிக்கியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டு நேரே ஆடப் போய்விடுவான்.

இந்த வருஷம் அவன் ஆட்டம் கூடிவந்தது. கடைசிப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டால் மேலே போகலாம் என்ற நிலை. வராவிட்டால் மட்டையை மூட்டை கட்டிவிட்டு நண்பனின் டயர் கடைக்குப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டான். "இதுக்கு மேல முடியலக்கா" என்று அவன் சொன்னதை அவள் கணவரிடம் சொன்னபோது, அவர் மெத்தை முதலாளிக்குக் குடை பிடிக்க எத்தனை ஆள் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கோல்ஃபில் பந்து கிடக்கிற இடத்தில் கிடக்கிறபடியேதான் அடிக்க வேண்டும், கையால் தொட்டால் அபராதம். ஆனால் தரை சேறாகிவிட்டால் நிர்வாகம் ஒரு சலுகை தரலாம். புதன்கிழமை விருந்தினர் ஆட்டத்தில் முதலாளியின் பந்து சேற்றில் புதைந்து அவர் முகம் வாடியதும் நம்மவருக்குப் பொறுக்கவில்லை. உடனே ஒரு பலகை எழுதவைத்து, ஆட்டம் தொடங்கும் மேடை அருகே தன் கையாலேயே நட்டார். 'நடுப்பாதையில் பந்தை எடுக்கலாம், துடைக்கலாம், வைக்கலாம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அடுத்த இரண்டு நாளும் தூறல் விடவில்லை. சலுகையும் போட்டிக்குத் தொடர்ந்தது, பலகையும் நின்றது.

சனிக்கிழமை பளிச்சென்று வெயில். காலையில் இயக்குநர் சலுகையை ரத்து செய்து ஒரு தாள் எழுதி, உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டச் சொன்னார். நட்ட பலகையையும் பிடுங்கியிருக்க வேண்டும். அதற்குத்தான் மேடைப் பக்கம் போனார். போன இடத்தில் மெத்தைக் கம்பெனியின் பலகை வெயிலுக்கு எதிராகத் திரும்பி எழுத்து பளபளத்துத் தெரியாமல் இருந்தது. விடுவாரா? அதை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, புகைப்படக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டு, முதலாளி வந்துவிட்டார் என்று செய்தி வரவும் ஓடிவிட்டார். எடுக்கலாம், துடைக்கலாம், வைக்கலாம் என்று பலகை அங்கேயே நின்றது.

மற்ற ஆட்டக்காரர்கள் சுவரில் தாளைப் பார்த்திருந்தார்கள். பலகையார் நடும் பலகையை எவன் படிப்பான்? படித்தவன் ஒருவன்தான். சொன்ன பேச்சைக் கேட்டு அறைப் பக்கம் போகாமல், டிக்கியில் ஷூ மாட்டிக்கொண்டு வந்தவன். முதல் அடி நடுப்பாதையில் அழகாகப் போய் விழுந்தது. பந்தை எடுத்தான், துடைத்தான், ஒரு சாண் தள்ளி நல்ல புல்லில் வைத்தான், அடித்தான். கிரீனுக்கு வந்ததும் கூட ஆடியவன் தயங்கித் தயங்கி, இன்றைக்கு அது கிடையாதே என்றான். வாக்கி-டாக்கியில் இயக்குநரைக் கூப்பிட்டார்கள்.

மின்வண்டி வந்து நின்றது. பக்கத்து இருக்கையில் முதலாளி. பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள்.

"பலகையில போட்டிருக்கே அத்தான்."

"இங்க சார்."

"பலகை அங்கதான் நிக்குது சார். வந்து பாருங்க."

இயக்குநர் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பலகை கண்முன் வந்து நின்றது, அதைப் பிடுங்காமல் ஓடியதும் நினைவுக்கு வந்தது. இதற்கு விதி என்ன என்பதும் தெரியும், நடுவர்களுக்கு வகுப்பெடுக்கிற மனிதர் அவர். நிர்வாகத்தின் பலகையை நம்பி ஆட்டக்காரன் தவறினால் அபராதம் தேவையில்லை என்று நிர்வாகமே விட்டுவிடலாம். செய்ய வேண்டியதெல்லாம், எடுக்க மறந்தது நான்தான் என்று சொல்வது மட்டும்தான். ஆனால் வாக்கி-டாக்கி திறந்திருந்தது, மைதானம் முழுக்கக் கேட்கும். பக்கத்தில் முதலாளி வேறு, சற்று முன் வரை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அந்த 'ரூல்னா ரூல்தான்' கேட்டு வந்தவர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தது பசிக்காகத்தான். இவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"தாள் ஒட்டியாச்சு. ஒட்டினதுதான் ரூல். ரெண்டு அடி."

ஆட்டத்தில் ஓர் எண்ணிக்கைக்கு 'அடி' என்று பெயர், கூடக் கூட நஷ்டம். அந்த ரெண்டு அடியை அந்த இடத்திலேயே அக்காக்காரி இவர் முதுகில் வைத்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவர் சொன்னால் சொன்னதுதான் என்று பழகிய தம்பி மட்டைப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மேடைக்கு நடந்தான்.

"சொந்த மச்சான்னுகூடப் பாக்கலையே" என்று முதலாளி வியந்தார். இவர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அந்த வியப்பு இவருக்கு இதமாக இருந்தது. பத்தாவது கிரீன் வருவதற்குள், தான் செய்தது தியாகம் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார்.

மைத்துனன் அன்று ஆடியதைப் பார்த்தவர்கள் இப்போதும் பேசுகிறார்கள். கோபத்தை எங்கும் காட்டாமல் ஒவ்வொரு குழியாய்ப் போட்டு மேலேறி வந்தான். கடைசிக் கிரீனில் வெகு தூரத்திலிருந்து உருட்டிய பந்து குழிக்குள் விழுந்தபோது மாடியில் காபி குடித்தவர்கள்கூட எழுந்து கைதட்டினார்கள். மூன்றாவது ஆளைவிட ஒரு அடி பின்தங்கி நான்காவது இடம். அந்த ரெண்டு அடி இல்லாவிட்டால் மூன்றாவது அவன்தான். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

பரிசளிப்பில் முதலாளி மைக்கைப் பிடித்தார். விளையாட்டு பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, நேர்மை பற்றி நிறைய இருந்தது. சொந்த மச்சானுக்கே அபராதம் போட்ட மனிதர் நடத்தும் சுற்று என்பதால் அடுத்த வருஷமும் தன் மெத்தைகள் இங்கே வரும் என்றார். இயக்குநர் எழுந்து கைகூப்பினார். அவர் கண்கூடக் கலங்கியது, வெட்கம் கெட்ட கண்.

கூட்டம் கலைந்தது. மைத்துனன் மரத்தடியில் டிக்கியைச் சாத்திவிட்டு வந்து அக்காவின் தோளைத் தொட்டான். பிறகு இவர் பக்கம் திரும்பினான். அங்கே வேறு யாரும் இல்லை, மைதானத்துக்கு வெளியே வந்தாகிவிட்டது.

"வரேன் சார்."

கார் போகிறவரை இவர் கையை அசைத்துக்கொண்டிருந்தார். 'வீட்டுக்கு வா மாப்ளே' என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தான். மனைவி இவர் காரின் முன் சீட்டில் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். இவர் சாவியைத் திருகப் போனபோது, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னாள்.

"ஏங்க, நீங்க நட்ட பலகை இன்னும் அங்கயேதான் நிக்குது."

இறங்கி மேடைப் பக்கம் போனார். மாலை வெயிலில் மேடையைச் சுற்றி யாரும் இல்லை. பலகையை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினார். அதன் கால்களில் ஒட்டியிருந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தார். எழுத்து தரையைப் பார்க்கும்படி புல்லில் கவிழ்த்து வைத்தார். பலகை நின்ற இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. ஒரு நிமிஷம் அவற்றைப் பார்த்தார். பிறகு கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன முள்ளை எடுத்து, ஓரத்து மண்ணை நடுவுக்கு நெம்பத் தொடங்கினார். ஷூவால் தட்டினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், திருப்தி வராமல் மறுபடி நெம்பினார். மாடியில் அன்று காபி குடிக்க யாரும் இல்லை. ஆனாலும் அங்கே இரண்டு குழி இருந்ததென்று இனி எவனும் சொல்ல முடியாதபடி அத்தனை சுத்தமாக மூடினார்.