தண்ணீர் நின்ற உயரம்

பெங்களூரில் கடல் இல்லை. ஆனாலும் வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தியில் சொன்னால், சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு முன்னால் நான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். பொம்மனஹள்ளியில் எங்கள் தெரு மெயின் ரோட்டிலிருந்து சரிந்துகொண்டே போய், ராஜகாலுவே என்று இங்கே சொல்கிற பெரிய மழைநீர்க் கால்வாயில் முடிகிறது. அந்தக் கால்வாய்க்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. தரைத்தளம், சொந்த வீடு, பாங்க் லோன். முன்னறைதான் என் தையல் கடை.

போன வருட மழையில் கால்வாய் பொங்கி, வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. மழைத் தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்கு. வந்தது முழுக்கச் சாக்கடை. தையல் மெஷின் மோட்டார்கள் போயின, கட்டில் ஊறி உப்பியது, ஃப்ரிட்ஜ் மிதந்தது. ஃப்ரிட்ஜ் மிதக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஊரார் தைக்கக் கொடுத்திருந்த பட்டுப்புடவைகளை மட்டும் எப்படியோ பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரே பாட்டு. "வித்துட்டு மாடி வீடா பாத்து வாடகைக்குப் போயிடலாம்." அவர் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், எங்கே குடிபோனாலும் கம்பெனி வேன் அவரைத் தேடி வந்துவிடும். என்னைத் தேடி அப்படி யார் வருவார்கள்? இந்தத் தெருவிலும் சுற்றியிருக்கும் தெருக்களிலும் என்னிடம் அளவு கொடுக்காத பெண் கிடையாது. பிளவுஸ் தைக்கக் கொடுக்க மூன்று மாடி ஏறி ஒருத்தியும் வரமாட்டாள். அதோடு இந்த வீட்டை நான் ஆசைப்பட்டு வாங்கினேன். சாக்கடைக்குப் பயந்து அதை விடுவதா?

இந்த வருடம் மழைக்கு முன்னால் இன்சூரன்ஸ் எடுத்துவிட வேண்டும் என்றேன். "லோன் போடும்போதே போட்டாச்சு" என்று அடித்துச் சொன்னார். பேப்பர்களை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வீட்டுக்கு இல்லம்மா, சார் உயிருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவரிடம், "வீடு முழுகினா ஒண்ணும் வராதாம். நீங்க முழுகினாத்தானாம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இன்னும் வருகிறது.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். வீட்டுக்கும் சாமான்களுக்கும் மழைக்கு முன்னால் ஒழுங்காக இன்சூரன்ஸ் கிடைத்தால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் விற்பது. சரி என்று தலையாட்டினார். பிடிக்காத விஷயத்துக்கும் அவர் அதே மாதிரிதான் ஆட்டுவார் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இதற்கு நடுவே எங்கள் தெருவின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வடிந்தால் மற்ற இடங்களில் முதலில் சாமானைக் காயவைப்பார்கள். எங்கள் தெருவில் முதலில் பெயிண்ட் அடிப்பார்கள். தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் படியும் பழுப்புக் கோட்டை யாரும் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் வாடகைக்கு ஆள் வராது, விற்கப்போனால் விலை வராது. "நம்ம ஏரியால தண்ணி நிக்காது" என்பதைச் சின்னப் பிள்ளைகள்கூடத் தடுமாறாமல் சொல்லும். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்தது இல்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் மெஷின்களை ரிப்பேர் செய்யவே பணம் சரியாகிப்போனதால் பெயிண்ட் அடிக்கக் கை ஓடவில்லை. கோடு அப்படியே இருந்தது.

என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் ஒரு பெண் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கன்னடக்காரி, தமிழ் நன்றாகப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள். அன்று காலையில் நான் எழுந்தபோது வீட்டுக்காரர் பழைய லுங்கியோடு குத்துக்காலிட்டு, முன்னறைச் சுவரின் கீழ்ப்பாதிக்கு டிஸ்டெம்பர் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மனுஷனுக்கு வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது, வருகிறவளுக்கு முன்னால் வீடு லட்சணமாக இருக்கட்டும் என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். நானும் வாசலில் பெரிய கோலமாகப் போட்டுக் கேசரி கிளறினேன். பெண் பார்க்க வருகிற வீடு தோற்றது.

ஏஜென்ட் உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினாள். கேசரி வாசனையை மீறிக்கொண்டு பெயிண்ட் வாசனை. உட்கார்ந்து விவரம் கேட்டு எழுதினாள். கட்டி எத்தனை வருஷம், என்னென்ன சாமான். பிறகு கேட்டாள்:

"முன்னாடி எப்பவாவது வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கா அண்ணா?"

"சேச்சே! ஒரு சொட்டு வந்ததில்ல மேடம்" என்றார் வீட்டுக்காரர்.

அவள் பேனாவை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "கீழ மட்டும் யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா அண்ணா? இப்ப நான் 'இல்ல'ன்னு எழுதிடுவேன். நாளைக்கு நஷ்டம்னு நீங்க கேக்கும்போது சர்வேயர் வந்து பாப்பாரு. மறைச்சது தெரிஞ்சா பைசா வராது. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் இந்தத் தெருவோடு சேர்ந்து நானும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஆனால் பணத்தையும் கட்டிப் பொய்யையும் கட்டிக்கொண்டு எப்படித் தூங்குவது?

"வந்துச்சு" என்றேன். "முழங்கால் வரைக்கும் வந்துச்சு."

சமையலறையிலிருந்து ஈரத்துணியை எடுத்துவந்து சுவரை அழுத்தித் துடைத்தேன். காயாத டிஸ்டெம்பர் வழித்துக்கொண்டு வந்தது. அடியில் பழுப்புக் கோடு, நேற்றுப் போட்டதுபோல் பளிச்சென்று. கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கோடு வரை பிடித்தேன். ஏஜென்ட் போட்டோ எடுத்தாள். "இப்ப பிரீமியம் கொஞ்சம் கூட வரலாம் அக்கா, கம்பெனி இன்னும் ரெண்டு கேள்வி கேக்கலாம். ஆனா நாளைக்கு நஷ்டம்னு கேட்டா இது நிக்கும்" என்றாள். மெஷின்களைத் தொழில் சாமான் என்று தனியாகக் காட்ட வேண்டும், மற்றவர்கள் புடவைகளுக்கு இந்தப் பாலிசியில் ஒன்றும் கிடைக்காது, மழை நாளில் அவற்றைப் பரணில் ஏற்றிவிடுங்கள் என்றும் சொன்னாள். கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவளை வாசல் வரை அனுப்பும்போது பக்கத்து வீட்டு அம்மா கேட்டருகில் நின்றிருந்தார். அவர் வீட்டில் டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "ஏனம்மா இது? நீ எழுதிக் கொடுத்துட்ட, என் வீட்டுக்கு யாரு வருவா?" என்று கத்தினார். பதிலுக்கு நானும் நன்றாகக் கத்தினேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

உள்ளே வந்தால் வீட்டுக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணுக்காக அடிக்கல" என்றார். "சாயங்காலம் புரோக்கர் ஆள் கூட்டிக்கினு வரான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அழுகை வந்தது, அதற்கு முன்னால் கோபம் வந்தது. "இன்னா மனுஷன் நீங்க? என்கிட்ட தலைய ஆட்டிட்டு என் வீட்ட எனக்குத் தெரியாம விக்கிறீங்களா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன வருஷம் நான் ஷிப்ட்ல மாட்டிக்கினேன். நீ தனியா இந்தத் தண்ணியில நின்னு புடவையத் தூக்கிப் போட்டுக்கினு இருந்த. பிளக்கெல்லாம் தண்ணிக்குள்ள. கரண்ட் இருந்துச்சு. உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்? இன்சூரன்ஸ்காரன் ஃப்ரிட்ஜுக்குக் குடுப்பான்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு வருடமாக மனுஷன் வீட்டு விலையையும் வெள்ளத்தையும்தான் பேசிக்கொண்டிருந்தார், இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குத் தண்ணீரில் நிற்கும்போது எனக்குப் பிளக் ஞாபகமே வரவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். மீதியிருந்த கேசரியை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். விற்பதா இருப்பதா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் புரோக்கர் வந்தான், ஒரு இளம் தம்பதியை அழைத்துக்கொண்டு. வேலைக்காக இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள். அந்தப் பெண் தெருச் சரிவைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். "மழை பெஞ்சா இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டாள். நிற்கவே நிற்காது என்று புரோக்கர் ஆரம்பித்தான்.

"நிக்கும்மா" என்றார் என் வீட்டுக்காரர். சுவரில் கோட்டைக் காட்டினார். "போன வருஷம் இது வரைக்கும்."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். புரோக்கர் தெருமுனை வரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனான். ஒருத்தர் திட்டுவதை இவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் கேட்டதில்லை.

பாலிசி வந்து சேர்ந்தது, மெஷின்கள் தனியாகக் குறித்து. சில நாளில் பக்கத்து வீட்டு அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து ஏஜென்ட்டின் போன் நம்பர் கேட்டார். கொடுத்தேன். அவரைப் பார்த்து எதிர்வீட்டிலும் கேட்டார்கள். தெருவில் இப்போது யாரும் தண்ணீரைப் பற்றி ரகசியமாகப் பேசுவதில்லை. கால்வாயைத் தூர்வாரச் சொல்லி எல்லோருமாக வார்டு ஆபீஸுக்குப் போய் நிற்கிறோம். முன்பு எந்த வாயோடு போய்க் கேட்டிருப்போம்?

முதல் மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்காரர் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தார். மெஷினில் இருந்த என்னை எழுப்பிச் சுவரோரமாக நிற்கச் சொன்னார். என் இடுப்புக்கு மேலே சுவரில் கையை வைத்து, "எல்லா பிளக்கும் இதுக்கு மேல வரணும். மெயின் சுவிட்ச் இவ கைக்கு எட்டணும்" என்றார்.

எலக்ட்ரீஷியன் அறையைச் சுற்றிப் பார்த்தார். "மொத்தச் சுவத்தையும் உடைக்கணும் சார். லீஸ் வீடா? ஓனர் ஒத்துப்பாரா?"

"ஓனர் இவதான்" என்றார் வீட்டுக்காரர். "உடைங்க."